யாருக்கும் ஜால்ரா போடாத சேனல்

துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பேசினால் குரல் கணீரென்று பதிவாகும். இதைக் கண்டுபிடித்தது துருவி. தொங்கும் சட்டைகளும் அடுக்கிய போர்வைகளும் எதிரொலியை விழுங்கிவிடும். தெருவில் போகும் லாரியின் சத்தமும் அவ்வளவாக உள்ளே வராது. அதனால் 'பொடிசு முதலாளி' என்ற இணையச் சேனலின் ஸ்டுடியோ, அவள் வீட்டுப் படுக்கையறை அலமாரிதான்.

துருவி என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. எதையும் துருவித் துருவிக் கேட்கிறாள் என்று ஆறாம் வகுப்பில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். அவளுடைய கூட்டாளி, பக்கத்து வீட்டு நெட்டை. அவனுக்குக் கேமராமேன் வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம், நீளமான கைகள். ஃபோனைப் பிடிக்கத் தனியாக ஸ்டாண்டு வாங்க வேண்டியதில்லை.

சேனல் பிறந்தது ஒரு கேள்வியிலிருந்துதான்.

"அப்பா, பெரிய கம்பெனிக்காரங்களை எல்லா டிவியிலும் காட்டுறாங்க. எங்க ஸ்கூல்ல பசங்க வாழ்த்து அட்டை செஞ்சு விக்கிறாங்களே, அவங்களை யார் காட்டுறாங்க?"

அப்பா எலக்ட்ரீஷியன். ஸ்விட்ச் ஒன்றைக் கழற்றிக்கொண்டே, "யாரும் காட்டல. வேணும்னா நீ காட்டு" என்றார். சும்மா பேச்சுக்குச் சொன்னார். துருவி விடவில்லை. ஒரு வாரம் அவர் பின்னாலேயே அலைந்து சம்மதம் வாங்கிவிட்டாள்.

அப்பா இரண்டு நிபந்தனைகள் போட்டார். "சேனல் என் பேர்ல இருக்கும். வெளியாளுங்க எழுதுறதை முதல்ல நான் படிப்பேன். நாளைக்கு ஏதாவது வம்பு வந்தா என் சட்டையைத்தான் பிடிப்பாங்க."

சேனலின் பெயருக்குக் கீழே இரண்டு வரிகள் எழுதினார்கள். 'சொந்தமாகத் தொழில் செய்யும் சிறுவர்களுக்கான சேனல்' என்பது துருவி எழுதியது. 'யாருக்கும் ஜால்ரா போட மாட்டோம்' என்பது நெட்டை எழுதியது.

இரண்டாவது வரிக்கு உடனே சோதனை வந்தது. அடுத்த தெருப் பொம்மைக் கடைக்காரர் நல்ல ஸ்டாண்டு ஒன்று தருவதாகச் சொன்னார். பதிலுக்கு ஒவ்வொரு வீடியோவிலும் அவர் கடையைப் புகழ வேண்டுமாம்.

"வேண்டாம் அங்கிள், எங்களுக்கு நெட்டையோட கையே போதும்" என்று துருவி சொல்லிவிட்டாள். நெட்டைக்குத்தான் கொஞ்சம் வருத்தம். கை வலிப்பது அவனுக்கல்லவா?

முதல் விருந்தாளி, எட்டாம் வகுப்புக் குடையக்கா. கிழிந்த குடைகளைச் சேகரித்து, துணியை வெட்டி, அம்மாவின் தையல் மெஷினில் பை தைத்து விற்கிறவள். எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே இருக்கும் நோட்டு நனையாது.

புதன்கிழமை குடையக்கா அலமாரிக்குள் காலை மடக்கி உட்கார்ந்தாள். துருவி நோட்டில் எட்டுக் கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். அதில் ஐந்தாவது கேள்வியைப் பற்றி அவளுக்கு ரொம்பப் பெருமை. பெரிய டிவிக்காரர்கள்கூட முதலாளிகளிடம் அதைக் கேட்பதில்லை.

"அக்கா, இதுவரைக்கும் உங்க தொழில்ல எது சொதப்புச்சு?"

குடையக்கா சிரித்துவிட்டாள். "முதல்ல தைச்ச மூணு பையோட வாரும் அறுந்துபோச்சு. ஒரு டீச்சரோட சாப்பாட்டு டப்பா நடுரோட்டுல உருண்டு ஓடுச்சு."

நெட்டை சிரித்த சிரிப்பில் படம் ஆடிப்போனது. துருவி நோட்டில் ஒரு டிக் அடித்துவிட்டு ஆறாவது கேள்விக்குப் போனாள்.

பள்ளி அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டியாகிவிட்டது. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு முதல் வீடியோ. பார்க்கிறவர்களிடமெல்லாம் நெட்டை சொல்லி வைத்திருந்தான். அவனுடைய பல் டாக்டரைக்கூட விடவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை குடையக்கா வந்தாள். முகம் வாடியிருந்தது.

"துருவி, அந்த வார் அறுந்த கதையை எடுத்துடேன். ஸ்கூல் ஸ்டோர் மேடம் உங்க வீடியோவைப் பார்த்துட்டு, நல்லா இருந்தா இருபது பை வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. இதைப் பார்த்தா வாங்குவாங்களா? எனக்கு இவ்வளவு பெரிய ஆர்டர் இதுதான் முதல் தடவை."

துருவி இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தாள். எடுத்துவிட்டால் அக்காவுக்கு ஆர்டர் கிடைக்கும். ஆனால் பிறகு அந்த வீடியோவுக்கும் கடை விளம்பரத்துக்கும் என்ன வித்தியாசம்? எடுக்காமல் விட்டால், நம்பி வந்த அக்காவின் பிழைப்பில் மண்ணைப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

"பொம்மைக் கடைக்காரருக்கு மாட்டோம்னு சொன்னோம். தெரிஞ்சவங்களுக்கு மட்டும் ஜால்ரா போடலாமா?" என்று நெட்டை மெதுவாகக் கேட்டான். கேட்டுவிட்டு அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

துருவி அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். டப்பா உருண்டு ஓடுகிறது. படம் ஆடுகிறது. "அப்புறம் நான்..." என்று குடையக்கா எதையோ சொல்ல வாயெடுக்கிறாள். அதற்குள் துருவியின் குரல், "சரி, ஆறாவது கேள்வி" என்கிறது.

துருவிக்குக் காது சூடாகிவிட்டது. இன்னொரு தடவை ஓட்டினாள். அதே குரல், அதே அவசரம்.

"அக்கா, இதுல சொதப்பினது நான்தான்" என்றாள். "நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க. நான்தான் குறுக்கே விழுந்து கெடுத்துட்டேன். வார் அறுந்த அப்புறம் என்ன பண்ணினீங்க?"

"என் ஸ்கூல் பையைப் பிரிச்சேன். மூணு வருஷமா அவ்வளவு புத்தகம் சுமந்தும் அதோட வார் அறுந்ததே இல்லை. அதை எப்படித் தைச்சிருக்காங்கன்னு பார்க்க ஒவ்வொரு தையலா பிரிச்சேன். ஒரு கட்டம் போட்டு, அதுக்குள்ள பெருக்கல் குறி மாதிரி தைச்சிருந்தாங்க. அன்னைக்கு அம்மாகிட்ட வாங்கின திட்டு கொஞ்சநஞ்சமில்லை. அப்புறம் அதே மாதிரி தைச்சு, மூணு பேருக்கும் புதுப் பை கொடுத்தேன்."

"இதை விட்டுட்டு நான் ஆறாவது கேள்விக்கு ஓடியிருக்கேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள் துருவி.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அக்கா, அறுந்ததை மறைச்சு வீடியோ போட மாட்டேன். ஆனா நீங்க வேண்டாம்னா வீடியோவே போட மாட்டேன். பலகையில ஒட்டினதை நானே கிழிச்சுடுறேன். இன்னொரு வழியும் இருக்கு. நீங்க சொல்ல வந்த பாதியை நாளைக்குக் காலையில எடுப்போம். வெறும் பேச்சு வேண்டாம். பையில பாரத்தைப் போட்டுக் காட்டுவோம்."

குடையக்கா தயங்கினாள். "கேமரா முன்னாடி அறுந்துட்டா?"

"அறுந்தா போடவா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க."

"அறுந்துபோகாது" என்றாள் குடையக்கா. அந்த ஒரு சொல்லில் வாடிய முகம் மாறிவிட்டது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் மூவரும் மாடிப்படியருகே கூடிவிட்டார்கள். பழைய வாரையும் புது வாரையும் அருகருகே வைத்து, எங்கே அறுந்தது, இப்போது எப்படித் தைத்திருக்கிறது என்று குடையக்கா விளக்கினாள். துருவி ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. அதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்து பாரம். பன்னிரண்டு பாடப்புத்தகங்கள் உள்ளே போயின. இரண்டு தண்ணீர் பாட்டில்கள் போயின. அப்பா தன் சுத்தியலையும் ஒரு சுருள் வயரையும் கொண்டுவந்து போட்டார். "இதுக்கு மேல போட்டா நானே தூக்க மாட்டேன்" என்றார்.

நெட்டை பையை மாட்டிக்கொண்டு படியேறினான். அன்று ஒரு நாள் மட்டும் துருவிதான் கேமரா. நெட்டையின் உயரத்துக்குக் கை எட்டாததால் நாற்காலி மேல் ஏறி நின்று தொடங்கி, பிறகு பின்னாலேயே ஓடி எடுத்தாள். மூன்று மாடி ஏறி, மூன்று மாடி இறங்கினான். குடையக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வாரையே பார்த்தாள். ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"வார் தாங்கிடுச்சு" என்று நெட்டை மூச்சு வாங்கினான். "என் தோள்தான் தாங்கல."

வெட்டி ஒட்டி முடிக்கும்போது மணி பத்து நாற்பது. வீடியோ ஆமை வேகத்தில் ஏறியது. எண்பது சதவீதத்தில் ஒரு முறை நின்றே போனது. பத்து ஐம்பத்தெட்டுக்கு முழுதாக ஏறி முடிந்தது. பதினொரு மணிக்கு, அப்பா தலையசைக்க, துருவி பொத்தானை அழுத்தினாள்.

முதல் பத்து நிமிடத்தில் பதினான்கு முறை பார்க்கப்பட்டிருந்தது. அதில் நான்கு நெட்டையின் அம்மா. பிறகு எண் நாற்பதானது, நூறானது, நூற்றெண்பதானது. பன்னிரண்டரைக்கு அப்பாவின் ஃபோன் அடித்தது. ஸ்டோர் மேடம். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"பத்து வருஷமா பை வாங்கி விக்கிறேன்மா" என்றார் மேடம். "எங்க அறுந்துச்சுன்னு சொல்லி யாரும் எங்கிட்ட பை வித்ததில்லை. எனக்கு இருபது வேண்டாம்."

குடையக்காவின் கண் கலங்கியது.

"நாற்பது வேணும். எல்லாத்துலயும் அந்தப் பெருக்கல் குறித் தையல் இருக்கணும்."

குடையக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலாளிக் குரலில் பதில் சொன்னாள். "சரி மேடம். ஆனா அவசரப்பட்டுத் தைக்க மாட்டேன். ரெண்டு மாசம் வேணும்."

ஃபோனை வைத்ததும் நெட்டை போட்ட ஆட்டத்தில், கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து என்ன ஆச்சு என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அதற்குள் சேனலுக்கு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கியிருந்தன. அப்பா நிபந்தனைப்படி முதலில் தான் படித்துவிட்டு, பிறகு உரக்கப் படித்தார்.

'நான் மெழுகுவத்தி செய்றேன். பாதிக்கு மேல வளைஞ்சுபோச்சு. நானும் வரலாமா?'

'எங்க தெரு நாய்களை வாக்கிங் கூட்டிட்டுப் போறதுதான் என் தொழில். முதல் நாளே நாய் என்னை இழுத்துட்டுப் போயிடுச்சு. உங்க சேனல்ல சொல்லலாமா?'

மாலைக்குள் பதினேழு பேர் எழுதிவிட்டார்கள். பதினேழு பேரும் யாரென்றே துருவிக்குத் தெரியாது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாய்க்காரப் பையனுக்கு அப்போதே பதில் எழுதினாள்.

'கட்டாயம் வா. நாயையும் கூட்டிட்டு வா. அதுகிட்டயும் சில கேள்வி கேக்கணும்.'