கடற்கரைக்குப் போன தணிகாசலம்

காணும் பொங்கலன்று காலை ஒன்பது மணிக்குத் தணிகாசலம் இரண்டாகப் பிரிந்தார். வலிக்கவில்லை. பல் பிடுங்குவதைவிடக் குறைந்த நேரம்தான். வரிசையில் நின்றதுதான் ஒன்றரை மணி நேரம்.

“இதுல எந்த சார் ஆபீஸ், எந்த சார் பீச்?” என்று கேட்டாள் நிழலகப் பணியாளர் ரோஸ்லின்.

“நான் பீச்” என்றார்கள் இரண்டு தணிகாசலங்களும் ஒரே குரலில்.

“அசல் சார்தான் ஆபீஸ் போவணும். நிழலிக்குக் கைரேகை கெடையாது, உள்ள வுட மாட்டாங்க.”

அவருடைய நகலான நிழலியின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினாள். கடற்கரையில் குழந்தைகளுக்குப் போலீஸ் கட்டிவிடும் அதே பட்டை. குழந்தைகளைவிட நிழலிகளே அதிகம் தொலைகின்றன என்று தெரிந்த பிறகு வந்த ஏற்பாடு. மாலை ஆறு மணிக்கு நிழலியின் நினைவுகளை அசலின் தலையில் கோத்துவிடுவார்கள். பார்த்த கடல், தின்ற பஜ்ஜி எல்லாமே அவருடைய சொந்த அனுபவமாகிவிடும். சுவரில் ஒரு பலகை: ‘நிழலி உங்களைப் போலவே நடந்துகொள்ளும். இது குறித்த புகார்கள் ஏற்கப்பட மாட்டா.’ அதை யாரும் படிப்பதில்லை.

தணிகாசலம் திருவல்லிக்கேணிக்காரர். பதினோரு ஆண்டுகளாக நிலவில், குடிநீர்த் துறையில் வேலை. பூமிக்கு அனுப்புவதே ஆறு ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் அலுவல் பயணம். நான்கு நாளில் மூன்று நாள் கூட்டத்திலேயே போய்விட்டது. பூமியின் இழுப்பு தாங்காமல் கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. ஊரே கரும்பு கடித்துக்கொண்டிருந்தது. நிலவின் நாட்காட்டியில் மட்டும் பொங்கல் இல்லை. இரவு எட்டரைக்கு விண்கலம். இன்று மெரினாவை விட்டால் இன்னும் ஆறு ஆண்டு.

நல்லவேளை, கூட்டம் ஒரு மணிக்கு முடிந்துவிடும். பிறகு அவரே நேரில் போய் நிழலியோடு சேர்ந்துகொள்வதாகத் திட்டம்.

நிலவுக் குழாய்களின் திருகு இடப்பக்கம் திரும்ப வேண்டுமா, வலப்பக்கமா? இதுதான் நான்கு நாள் விவாதம். சீக்கிரம் முடியட்டும் என்று தணிகாசலம் வாயே திறக்கவில்லை. பன்னிரண்டு ஐம்பதுக்குத் தலைவி நப்பின்னை, “அப்ப வலப்பக்கம்னே முடிச்சிடலாமா?” என்றார். எல்லோரும் பாதி எழுந்துவிட்டார்கள்.

திரையில் ஒரு வரி வந்தது. அனுப்பியவரின் பெயர் இல்லை. ‘வெளி இணைப்பு 7’ என்று மட்டும் இருந்தது. ‘ஒரு சின்ன சந்தேகம். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் என்ன செய்வார்கள்?’

“அருமையான கேள்வி” என்றார் நப்பின்னை. எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

“எவன்யா அவன்?” பக்கத்து நாற்காலி ஜாபர் பல்லைக் கடித்தார். “பண்டிகை நாள்ல வேற பொழப்பே இல்லியா?”

“பொண்டாட்டி வெளிய தள்ளிக் கதவ சாத்தியிருப்பா” என்றார் தணிகாசலம்.

இரண்டு மணிக்கு, ‘கை ஈரமாக இருந்தால்?’ என்று கேட்டது வெளி இணைப்பு 7. மூன்றரைக்கு, ‘இதற்கு ஒரு துணைக்குழு அமைக்கலாமே?’ அமைத்தார்கள். உறுப்பினர்: தணிகாசலம். கூட்டம் முடிந்தபோது மணி ஐந்தரை. அந்த ஆசாமி கையில் கிடைத்தால் கடலில் முக்கியெடுப்பது என்று சபதம் செய்தபடி, நொண்டி நொண்டி நிழலகம் வந்து சேர்ந்தார்.

நிழலி முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ரோஸ்லின் இரண்டு தலைகளையும் இணைத்தாள்.

காலை வெயில். ராட்டினம். பிள்ளைகளைத் தோளில் ஏற்றிய அப்பாக்கள். மணலில் நடந்தபடி சுடச்சுட ஒரு மிளகாய் பஜ்ஜி வாங்கினார். ஆபீஸ் கூட்டம் எந்த அளவில் இருக்கிறது, ஐந்தே நிமிடம் எட்டிப் பார்த்துவிடலாமே என்று தோன்றியது. கைத்திரையைத் திறந்தார். அறையில் ஒருத்தன் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ‘ஒரு சின்ன சந்தேகம்’ என்று தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

அதற்கப்புறம் நினைவு முழுக்கத் திரைதான். அதன் கீழ் ஓரத்தில், கடிக்காத பஜ்ஜி ஒன்று ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஏதோ இரைச்சல், கடலாக இருக்கலாம். தொந்தரவாக இருந்ததால் காதடைப்பு வாங்கி மாட்டிக்கொண்டிருந்தார்.

காலியான நிழலியின் கையிலிருந்து ரோஸ்லின் பட்டையைக் கத்தரித்தாள்.

“பீச்சு எப்டி சார் இருந்துச்சு?”

தணிகாசலம் வீங்கிய கால்களைச் செருப்புக்குள் திணித்தார்.

“சிக்னல் நல்லா கெடச்சுதும்மா.”