ஆடியில் வீடு பார்க்க வந்தவன்

“பத்து மணிக்கு வரேன்னு சொல்லிட்டு இப்ப மணி இன்னா ஆச்சு? உங்களை நம்பி அடுப்புக்கூட மூட்டாம உக்காந்துக்கினு இருக்கேன்!”

கேட்டைத் திறந்த வேகத்திலேயே பொரிந்து தள்ளினாள் யமுனா.

வாசலில் நின்றவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். திருமலை உச்சியில் மேகம் கறுத்துக் கிடந்தது. இதோ வருகிறேன் என்று மிரட்டிக்கொண்டு, வராமலே நின்றது மழை. அந்த மங்கலான வெளிச்சத்தில் அவன் கண்கள் இரண்டும் திருதிருவென்று விழித்தன. ஏசி மெக்கானிக்குக்கு இவ்வளவு சாதுவான கண்கள் எதற்கு என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது… உடனே அந்த எண்ணத்தை உதறிவிட்டாள்.

“இல்லீங்க… நான் வந்து…”

“காரணம் எல்லாம் அப்புறம். உள்ள வாங்கண்ணா, மழை வர்றதுக்குள்ள வெளி மெஷினைப் பாத்துடுங்க.”

இந்த இடத்தில் உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வந்தவன் மெக்கானிக் இல்லை. பெயர் ஹேமநாத். பலமனேரில் ஒரு பால் பண்ணையில், பாலைக் குளிர வைக்கும் பிரிவில் வேலை. திருப்பதிக்கு மாற்றல் வந்ததால், புரோக்கர் ரமணா சொன்ன விலாசத்தைப் பிடித்துக்கொண்டு திருச்சானூர் ரோட்டில் இந்த வீட்டை வாங்கலாமா என்று பார்க்க வந்தவன். ரமணா முன்கூட்டியே யமுனாவின் அப்பா நாராயணசாமியிடம் சொல்லித்தான் வைத்திருந்தார். நாராயணசாமி அதைச் சுத்தமாக மறந்துவிட்டு, பிச்சாட்டூரில் இருக்கும் நிலத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

யமுனாவைக் குறை சொல்ல முடியாது. ஆடி மாதத்தில் யாராவது வீடு பார்க்க வருவார்களா? அவள் வீட்டுப் பஞ்சாங்கப்படி வரமாட்டார்கள். ஹேமநாத் வீட்டிலும் பேசுவது தமிழ்தான். ஆனால் பலமனேரில் எல்லாரையும் போல அவர்கள் பார்ப்பது தெலுங்குப் பஞ்சாங்கம். அதில் ஆஷாடம் அமாவாசையோடு முடிந்து, ஸ்ராவணம் பிறந்துவிட்டது. ஒரே ஞாயிற்றுக்கிழமை… அவளுக்கு ஆகாத மாதம், அவனுக்கு நல்ல மாதம்!

மெக்கானிக்கை வரச் சொன்னதும் ரமணாவின் யோசனைதான். ‘இப்பல்லாம் ஃபேன், மோட்டார், ஏசி எல்லாத்தையும் ஓட்டிப் பாத்துட்டுத்தாம்மா வாங்கறாங்க. ஆவணி பொறக்கறதுக்குள்ள சர்வீஸ் பண்ணி வெச்சுடு’ என்றிருந்தார்.

அவனை மூலை அறைக்கு அழைத்துப் போனாள். கட்டில், பீரோ, சுவரில் ஒரு ஏசி. அதற்குக் கீழே சுவரில் பழுப்பாய் ஒரு கறை.

“இதாண்ணா.”

“செய்யறேங்க. ஆனா அண்ணான்னு மட்டும் கூப்பிடாதீங்க.”

“ஏன், உங்க ஊர்ல மெக்கானிக்கை மாமான்னா கூப்பிடுவாங்க?”

அவன் காது மடல் சிவந்தது. அவளுக்கும் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இன்னாடி யமுனா, முன்னபின்ன தெரியாத ஒரு ஆம்பளைகிட்ட இந்த வாய்…

உண்மையைச் சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கலாம் அவன். மூன்று முறை வாயைத் திறந்தான். மூன்று முறையும் அவள் கண்கள் குறுக்கே வந்தன. வை என்றால் வைக்க வேண்டும், எடு என்றால் எடுக்க வேண்டும் என்று அதிகாரம் பண்ணும் கண்கள். பேசாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினான்.

ஃபில்டரைக் கழற்றிக் கொல்லைக் குழாயடியில் கழுவினான். சேறாகக் கரைந்து ஓடியது அழுக்கு.

“எத்தினி நாளா போடலீங்க இதை?”

“நாளா? ரெண்டு வருஷம்.” பழைய பல் பிரஷ்ஷை நீட்டினாள். “இத பாருங்க, இது ரொம்ப நாள் உழைக்கணும்னு இல்ல. ஆவணியில வீடு பாக்க வர்றவங்க வந்து நிக்கும்போது ஜில்லுனு காத்து வரணும். சுவத்துல தண்ணி இறங்கக் கூடாது. ரெஜிஸ்ட்ரேஷன் வரைக்கும் ஓடினா போதும்.”

“அதுக்கு அப்புறம்?”

“அப்புறம் அவங்க பாடு.”

பிரஷ் நின்றது. “பாவமில்லையா அவங்க?”

“நீங்க யாரு கட்சி?” என்று முறைத்தாள். பிறகு குரல் இறங்கியது. “ஏற்கெனவே ஒருத்தர் கறையைப் பாத்துட்டு ஓடிட்டாரு. எங்க நைனாவால இந்த வீட்ல இருக்க முடியல. அம்மா அந்த ரூம்லதான் படுத்திருந்தாங்க… அங்கயேதான் போனாங்க. அன்னியிலேந்து நைனா அந்த வாசப்படியைத் தாண்டினதே இல்ல. தூக்கமும் இல்ல. பிச்சாட்டூர் போனாத்தான் நாலு வாய் துன்றாரு. வித்துட்டு அங்கயே போயிடலாம்னுதான் இந்த அவசரம்.”

தெரியாத ஒருவனிடம் இதையெல்லாம் ஏன் சொல்கிறோம் என்று அவளுக்கே புரியவில்லை. அவன் ஃபில்டரை உதறி, துடைத்து, பூப்போல எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு ரிமோட்டை அவளிடமே நீட்டினான். “நீங்களே போடுங்க.”

அழுத்தினாள்.

முதலில் ஒரு முனகல். பிறகு மெல்ல… மெல்ல… குளிர்ந்த காற்று அவள் முகத்தில் பட்டது. அந்த அறையின் பழைய குளிர். அம்மாவின் காலைப் பிடித்துவிட்டபடி அவள் உட்கார்ந்திருந்த ராத்திரிகளின் குளிர். உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.

அவன் அழாதீங்க என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, வெளி மெஷினை ஏதோ பெரிய ஆராய்ச்சி போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை ஓய்ந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினான்.

“காத்து… பர்வாலேதுங்களா?”

கண்ணீரோடு சிரித்துவிட்டாள் யமுனா. எத்தனையோ பேர் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பரவாயில்லையா ஒன்றுதான் மனசைத் தொட்டது.

அதற்குள் சுவரில் கறை ஈரமாகிக் கறுத்தது. அவன் கையை வைத்துப் பார்த்தான். “உள்ள ஏசித் தண்ணி போற குழாய் விட்டுப் போயிருக்குதுங்க. சுவருக்கு உள்ளயே தண்ணி இறங்குது. மேலுக்குப் பூசி மறைக்கலாம்… ஒரு மாசத்துல மறுபடி வரும்.”

“பூசிடுங்க. ஒரு மாசம் போதும்.”

அப்போது வாசலில் மணி அடித்தது. தோளில் பையும் கையில் ஏணியுமாக ஒருவன் நின்றிருந்தான்.

“சாரி மேடம், நான் பவன்குமார். ஏசி சர்வீஸ். ரேணிகுண்டா பக்கம் ஒரு வேலை, லேட்டாயிடுச்சு.”

யமுனா பவன்குமாரைப் பார்த்தாள். திரும்பி, பின்னால் ஈரக் கையோடு நின்றவனைப் பார்த்தாள்.

“அப்ப… நீங்க யாரு?”

“வீடு பாக்க வந்தேங்க. பேரு ஹேமநாத். ரமணா அனுப்பினாரு.”

“ஆடியில யாரு வீடு பாக்க வருவாங்க!”

“எங்களுக்கு ஸ்ராவணம் வந்துடுச்சுங்க…”

தலை சுற்றியது அவளுக்கு. யாரிடம் மறைக்க வேண்டுமோ அவனிடமே, எப்படி மறைக்க வேண்டும் என்று பாடம் நடத்தியிருக்கிறாள்! வெட்கம் நெஞ்சிலிருந்து குபீரென்று ஏறியது. வாய்க்கு வந்தபோது கோபமாகியிருந்தது.

“ஓ… வேவு பாக்க வந்தீங்களா? வீட்ல இன்னா ஓட்டை இருக்குதுன்னு எங்க வாயாலயே பிடுங்கிக்க? நான் அழுததையும் நல்லா வேடிக்கை பாத்தீங்க இல்ல? இப்ப திருப்தியா?”

“சத்தியமா இல்லீங்க. சொல்லணும்னுதான்…”

“போங்க! வீடு உங்களுக்கு இல்ல!”

அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். படி இறங்கும்போது மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. ஒதுங்கி நில்லுங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது அவளுக்கு. ரோஷம் விடவில்லை. நனைந்துகொண்டே வண்டியை எடுத்துப் போனான். தெரு முனை திரும்பும் வரை அவள் கேட்டைச் சாத்தவே இல்லை.

பவன்குமாரை வைத்துக் கறை மேல் பூசி, வெள்ளை அடித்தாயிற்று. சுவர் புதுசு போல் ஆனது. யமுனாவுக்குத்தான் ஒன்றும் சரியாகவில்லை. அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்று மருந்தை எடுத்து நீட்டினாள். போன் அடிக்கும் போதெல்லாம் திக்கென்றது. எப்படியும் அவன் ரமணாவிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்திருப்பான்… ஊர் முழுக்க வீட்டின் பேர் கெடும்… நைனாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

வந்த செய்தி வேறு மாதிரி இருந்தது.

“யமுனா, பலமனேர் பார்ட்டிக்கு வீடு புடிச்சிருச்சாம்! வெள்ளிக்கிழமை அந்தப் பையன் அம்மாவைக் கூட்டிக்கினு வர்றானாம்,” என்றார் நாராயணசாமி. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் குரலில் ஒரு துள்ளல்.

அப்படியென்றால் அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அந்த ஏன் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். ஹேமநாத்தின் அம்மா மனோரமா பூசினாற்போல் உடம்பும் வாய் நிறையச் சிரிப்புமாக இருந்தார். திருப்பதி வெக்கையில் வேர்த்து விறுவிறுத்து வந்தவர், மூலை அறையில் நுழைந்ததும் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“அப்பாடா… எவ்ளோ சல்லகா, ஜில்லுனு இருக்குது! பலமனேர் குளிர்ல பொறந்து வளந்த உடம்பும்மா இது. இந்த ஊர் வெயில்ல எப்படி இருக்கப் போறேனோன்னு பயந்துக்கினே வந்தேன். இந்த ரூம் எனக்குப் போதும்.”

நாராயணசாமி வாசப்படிக்கு வெளியிலேயே நின்று, சிரித்துத் தலையாட்டினார். ஹேமநாத் சுவரோரமாக நின்றிருந்தான். யமுனாவைப் பார்க்கவில்லை. புதுச் சுண்ணாம்பையும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால் போதும். வீடு விற்றுவிடும். நைனா நிம்மதியாகத் தூங்குவார்…

மனோரமா தலையணையை எடுத்துச் சுவரோரம் வைத்துச் சாய்ந்து பார்த்தார். அம்மா சாய்ந்திருந்த அதே இடம். அந்த ஈரத்துக்குப் பயந்து, தோளில் எப்போதும் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள் அம்மா. இன்னொரு அம்மாவை அந்த ஈரத்தில் படுக்க வைப்பதா?

“அங்க சாயாதீங்கம்மா!” என்று கத்தியேவிட்டாள் யமுனா. “அந்தச் சுவத்துல தண்ணி இறங்குது. குழாய் விட்டுப் போச்சு. பூசி, வெள்ளை அடிச்சு மறைச்சு வெச்சிருக்கேன். நான்தான் மறைச்சேன். நைனாவுக்குத் தெரியாது.”

“இன்னாம்மா சொல்ற? எங்க?” பதறிக்கொண்டு வந்தார் நாராயணசாமி. விறுவிறுவென்று கட்டிலைச் சுற்றிப் போய்ச் சுவரில் கையை வைத்தார். அப்புறம்தான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கே உறைத்தது. கை சுவரிலேயே நின்றது. குளிர்காற்று நரைத்த முடியைக் கலைத்தது.

தலையைத் தூக்கி ஏசியைப் பார்த்தார்.

“பதினெட்டுல வெச்சுடுவா உங்கம்மா,” என்றார் மெதுவாக. “வெச்சுட்டு, குளிருதுன்னு ரெண்டு போர்வை கேப்பா.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் வெளியே ஓடவில்லை. கட்டிலின் மறுகோடியில் உட்கார்ந்தார். அதைப் பார்க்க யமுனாவின் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

மனோரமா அவளையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். “தண்ணிதானேம்மா. வெளிப்பக்கம் ஒரு குழாய் விட்டா சரியாப் போவும்னு இவன் அன்னிக்கே சொல்லிட்டான். பாக்கி கொஞ்சத்தையும் நேத்துதான் சொன்னான்.” எழுந்தார். “அண்ணா, மாடி எப்படிக் கீதுன்னு காட்டுங்க. சுவரைப் பாக்கவா நான் இவ்ளோ தூரம் வந்தேன்?”

இரண்டு பேரும் படி ஏறும் சத்தம் கேட்டது. அறையில் ஏசியின் மெல்லிய இரைச்சல் மட்டும்.

“தெரிஞ்சும் ஏன் வந்தீங்க? வீடு உங்களுக்கு இல்லன்னு அன்னிக்கே சொன்னேனே.”

“வீட்டுக்காக வரல.”

அவள் நிமிர்ந்தாள்.

“அன்னிக்கு நீங்க அழுதீங்களே… வெளி மெஷின் பக்கம் திரும்பி நின்னுக்கினு இருந்தேன், ஆனா அதைப் பாக்கவே இல்ல. காதுல உங்க அழுகை மட்டும்தான் இருந்துச்சு. இந்தப் பொண்ணு இனிமே தனியா உக்காந்து அழக் கூடாதுன்னு தோணுச்சு. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல.” அவன் குரல் தடுமாறியது. “இப்ப அதைவிடப் பெரிய சிக்கல். வீட்டை வாங்கினா உங்களை இந்த ஊரை விட்டு அனுப்பறவன் நானாயிடுவேன். வாங்கலன்னா உங்க நைனாவுக்குத் தூக்கம் இல்ல. நீங்களே சொல்லுங்க… நான் இன்னா செய்யட்டும்?”

ஜன்னலுக்கு வெளியே தூறல் விழ ஆரம்பித்தது.  இத்தனை நாள் ரோஷம் ரோஷம் என்று பிடித்து வைத்திருந்தது என்ன என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவன் திரும்பி வரமாட்டானோ என்ற பயம்… அவ்வளவுதான்.

“வாங்கிடுங்க,” என்றாள்.

அவன் முகம் வாடியது. “சரிங்க…”

“குழாயை மாத்துங்க. சுவத்தை நல்லாக் காய விடுங்க. உங்க அம்மாவுக்கு முன்பக்க ரூமைக் குடுங்க, அங்க காத்து நல்லா வரும்.” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இந்த ரூம்ல மட்டும் யாரையும் வெக்காதீங்க.”

“ஏங்க? பூட்டி வெக்கணுமா?”

யமுனா நிமிர்ந்து அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

“பூட்டினா… வலது காலை எடுத்து வெச்சு நான் வரும்போது யாரு தொறக்கறது?”