நூற்று எண்பத்து மூன்றாவது மனநாள்

கதவைத் திறந்த விதத்தில்தான் அதியன் எல்லாவற்றையும் கெடுத்தான்.

திறக்காமலே இருந்திருக்கலாம். ஃப்ரேயா அம்மா தானே எழுந்து வருவதாகத்தான் சொன்னார். "நீங்க உக்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று பெரிய மனுஷன் போலச் சொல்லிவிட்டு, சமையலறையின் பின்கதவை நோக்கிப் போனான். கைப்பிடியைப் பிடித்து ஒரு விரற்கடை மேலே தூக்கினான். இடது முழங்காலைக் கதவின் அடியில் முட்டுக் கொடுத்தான். பிறகு தோளால் ஓங்கி ஒரு தள்ளு.

கோத்தகிரியில் போன வருடம்தான் கட்டிய வீடு அது. சுண்டு விரல் பட்டாலே திறந்துகொள்ளும் கதவு. படாரென்று விலகி வழிவிட, அதியன் கொல்லைப்புறத்துக் காரட் பாத்தியில் குப்புற விழுந்தான்.

மண்ணைத் தட்டியபடி அசட்டுச் சிரிப்போடு எழுந்து திரும்பினான். ஃப்ரேயா அம்மா சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த தட்டு தரையில் உடைந்து கிடந்தது. மணிக்கட்டில் காலையிலிருந்து பச்சையாக ஒளிர்ந்த பட்டை மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தது.

தூக்கி, முட்டுக் கொடுத்துத் தள்ள வேண்டிய அந்தக் கதவு இருப்பது இங்கிலாந்தின் நார்தம்பர்லாண்ட் கடற்கரையில், ஒரு மீனவக் கிராமத்தில். ஃப்ரேயா அம்மா விட்டுவிட்டு வந்த வீட்டின் பின்கதவு. அதியன் அதைக் கண்ணால் கண்டதில்லை. பேருந்தில் மேட்டுப்பாளையம் வரை இறங்கினாலே வாந்தி எடுக்கும் ஆள் அவன். ஆனாலும் அந்தக் கதவு அவன் முழங்காலுக்குத் தெரிந்திருந்தது. அவன் தொழில் அப்படி.

அட்லாண்டிக்கின் வெந்நீரோட்டம் நின்று முப்பது வருடங்கள் ஆகின்றன. பிரிட்டனில் வருடத்துக்கு ஏழு மாதம் பனி. கிளம்ப முடிந்தவர்கள் எல்லாம் வெயில் உள்ள பக்கமாகக் கிளம்பினார்கள். அப்படித்தான் நீலகிரிக்கும் இரண்டாம் முறையாக வந்தார்கள். முதல் முறை யாரையும் கேட்காமல் வந்தவர்கள், இந்த முறை மனுவோடு வரிசையில் நின்றார்கள். வரிசையில் நிற்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

வரிதான் சிக்கல். பாஸ்போர்ட்டைப் புரட்டி, ஆள் எந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தார் என்று எண்ணி வரி போட்ட காலம் மலையேறிவிட்டது. கோத்தகிரியில் கட்டிலில் படுத்தபடி லண்டனில் கடை நடத்துகிறவனை எந்த நாட்டுக் கணக்கில் சேர்ப்பது? அரசுகள் சண்டை போட்டுக் களைத்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தன. உடம்பை எண்ண வேண்டாம், மனத்தை எண்ணுவோம். அதற்காக மணிக்கட்டுப் பட்டையாக வந்ததுதான் மனவாசமானி. மனம் இங்கே இருந்தால் பட்டை பச்சை, கடல் தாண்டிப் போனால் நீலம். காலை ஆறு முதல் இரவு பத்து வரையிலான பதினாறு மணி நேரத்தில் பாதி பச்சையாக இருந்தால் ஒரு மனநாள். ஏப்ரலிலிருந்து மார்ச்சுக்குள் நூற்று எண்பத்து மூன்று மனநாள் சேர்ந்தால் குடியிருப்பு உரிமை. சேராவிட்டால் வரியும் அங்கேதான், ஆளும் அங்கேதான். முப்பது நாளில் விமானம் ஏற்றிவிடுவார்கள்.

படிவம் நிரப்புவதையெல்லாம் எந்திரங்கள் பார்த்துக்கொண்டதால், அதியனைப் போன்ற குடியமர்வு முகவர்களுக்கு மிஞ்சியது ஒரே வேலை. சுமை இறக்குதல். முகவரின் பட்டையையும் குடியேற வந்தவரின் பட்டையையும் இறக்குவடம் என்ற கம்பியால் இணைத்துக்கொண்டு, வந்தவர் தன் ஊர் நினைவு ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் தகவல் அவரிடமே இருக்கும். அதன் இழுப்பு மட்டும் முகவருக்கு வந்துவிடும்.

ஒன்பது வருடத் தொழிலில் அதியனுக்குச் சேர்ந்த சொத்து இதுதான்: தின்றே பார்க்காத மீன் பணியாரத்தின் மேல் தீராத ஆசை, கார்டிஃபில் செத்துப்போன ஒரு நாய்க்காக மழை நாட்களில் வரும் அழுகை, லீட்ஸில் யாரோ ஒருவருடைய மாமியாரிடம் பயம். "என் அம்மா முன்னாடி வந்து நின்னா மட்டும் பயமே இல்ல, எவளோ வெள்ளைக்காரிக்கு நடுங்குறீங்க" என்று அவன் மனைவி குயிலி அடிக்கடி சொல்லிக்காட்டுவாள். அவனுடைய சொந்தப் பட்டையே வருடத்தில் நூற்று அறுபது நாள் நீலமாகத்தான் இருந்தது. இன்னும் கனமாக ஒன்றை வாங்கினால், அடுத்த வருடம் பிரிட்டன் அரசு அவனிடமே வரி கேட்கும்.

ஃப்ரேயா அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. நுரையீரல் பாதி பழுது. இன்னொரு குளிர்காலத்தைத் தாங்காது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். மார்ச் இருபத்தெட்டு முடிய நூற்று எண்பத்திரண்டு மனநாள் சேர்ந்தாயிற்று. இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அந்தச் சந்தோஷத்தில்தான் இருபத்தொன்பதாம் தேதி இனிப்பு டப்பாவோடு வந்தான் அதியன், காற்று வரட்டும் என்று கதவைத் திறக்கப் போனான்.

அந்த நாள் போயிற்று. மறுநாளும் விடிந்தது முதல் நீலம்.

"என்னம்மா ஆச்சு? கதவு நினைவைத்தான் போன ஆகஸ்டுலயே என்கிட்ட இறக்கிட்டீங்களே?"

"பாதகமில்லை, அதியன்."

"வீட்டு ஞாபகமா? ஆர்ச்சி ஐயா ஞாபகமா?"

"பாதகமில்லை. தேநீர் குடிக்கிறீங்களா?"

ஆங்கிலத்தில் யோசித்தால் மனம் ஊருக்கு ஓடுகிறது என்று வைராக்கியமாகத் தமிழ் கற்றவர். கற்ற சொற்களில் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது இந்தப் 'பாதகமில்லை'. வலி என்றாலும் அதுதான், வேண்டாம் என்றாலும் அதுதான். கணவர் ஆர்ச்சி இறந்ததைப் பற்றியும் "குளிர் தாக்கிவிட்டது" என்பதற்கு மேல் ஒரு சொல் அவரிடமிருந்து வந்ததில்லை.

மார்ச் முப்பத்தொன்று. கடைசி நாள் கணக்கை நேரில் முடிக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஆய்வாளர் ரெஹானா வந்து, கூடத்துச் சோபாவில் மடிக்கணினியோடு உட்கார்ந்துவிட்டார். காலை முழுவதும் நீலம். பகல் இரண்டு மணிக்குள் பச்சைக்குத் திரும்பி, இரவு பத்து வரை அப்படியே நின்றால்தான் எட்டு மணி நேரம் தேறும். கடிகாரத்தில் ஒன்று இருபது.

அதியன் சோபா பக்கம் போய்க் குனிந்தான். "மேடம், அரை மணி நேரம் முன்னபின்ன இருந்தா பாத்து விட்ருவீங்களா?"

"விதியில என்ன இருக்கோ அதான் சார்."

"அப்ப விட மாட்டீங்க."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"அப்ப விடுவீங்க?"

"அப்படியும் சொல்லலியே. டீ நல்லாருக்கு."

அதியனுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சமையலறைக்குத் திரும்பினான். ஃப்ரேயா அம்மா பின்கதவுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"தப்பு என்னோடதும்மா. அன்னிக்கு நான் மடத்தனமா கதவைத் தள்ளினேன், விழுந்தேன். ஆனா அதுல உங்களுக்கு என்ன தெரிஞ்சதுன்னு சொன்னாத்தானே நான் எதையாவது செய்ய முடியும்?"

 ஃப்ரேயா அம்மா கதவைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னைக்கு நாங்க சண்டை போட்டோம். நான் இங்க வர மனு போட்டுட்டேன், அவருக்குத் தெரியாம. ரெண்டு பேர் பேர்லயும். அவர் வர மாட்டேன்னார். கோபமா விறகு எடுக்கப் பின்பக்கம் போனார். கதவு பனியில இறுகிடுச்சு. அது உள்ளே இருந்து தூக்கித் தள்ளினாத்தான் திறக்கும்."

"முன்வாசல்?"

"ஜன்னல் உயரம் பனி. வழி இல்லை. அவர் தட்டினார்."

"உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

 வேடிக்கையாக எதையாவது சொல்லிச் சமாளிக்கிற பழக்கம் முதல் முறையாக அதியனைக் கைவிட்டது.

"கொஞ்சம் நிக்கட்டும்னு நெனச்சேன். குளிர்னா என்னன்னு உறைக்கட்டும், அப்புறம் கோத்தகிரிக்குச் சம்மதிப்பார்னு. தேநீர் போட்டேன். இருபது நிமிஷம் இருக்கும். அவருக்கு இதயம் பலவீனம், அது எனக்குத் தெரியும். தட்டுறது நின்னதும் கோபம் தணிஞ்சுட்டார்னு நெனச்சுக் கதவைத் தூக்கித் தள்ளினேன். ஏதோ தடுத்தது." கதவின் அடியைக் கையால் காட்டினார். "நீங்க காரட் பாத்தியில கிடந்தீங்களே, அதே மாதிரி. முகம் கீழே."

கூடத்தில் விசைப்பலகை தட்டும் ஓசை நின்றிருந்தது. கதவு இடுக்கில் ரெஹானா தெரிந்தார். மடிக்கணினியை மூடிவிட்டு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். "ஒன்று ஐம்பது" என்றார், திரும்பாமலே. அவரால் முடிந்த உதவி அவ்வளவுதான் போலும்.

அதியன் பைக்குள் கைவிட்டு இறக்குவடத்தை எடுத்தான். ஒரு முனையைத் தன் பட்டையில் மாட்டிக்கொண்டான். 

"குடுங்கம்மா இதை. மறுபடி ஒரு தரம் சொல்லுங்க, அஞ்சு நிமிஷம். பட்டை பச்சையாயிடும்."

"உங்களுக்கு நீலம் ஏறிடுமே."

"ஏறட்டும். நார்தம்பர்லாண்டுக்கு வரி கட்டுற மொத கோத்தகிரிக்காரன்னு பேர் வாங்கிட்டுப் போறேன். குயிலி ஏற்கெனவே என்னை வெளிநாட்டு ஆள்னுதான் சொல்றா."

ஃப்ரேயா அம்மா லேசாகப் புன்னகைத்தார். வடத்தின் மறுமுனையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இழுப்பு உங்ககிட்ட வந்துட்டா, எனக்கு அது எப்படி இருக்கும்?"

அதியன் இந்தக் கேள்விக்கு எத்தனையோ பேரிடம் இனிப்பாகப் பதில் சொல்லியிருக்கிறான். இன்று வரவில்லை. "தகவலா இருக்கும்மா. செய்தியில கேட்ட மாதிரி. யாரோ ஒருத்தர் பனியில செத்துட்டார், யாரோ ஒருத்தி உள்ள தேநீர் போட்டுக்கிட்டிருந்தான்னு."

"யாரோ ஒருத்தி."

"ஆமா. வலிக்காது."

ஒன்று ஐம்பத்தைந்து. அவர் முனையை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தார். மாட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

அதியன் கடிகாரத்தைப் பார்த்தான். "அங்க போனா அடுத்த குளிர்ல நீங்க இருக்க மாட்டீங்கம்மா. இங்க தோட்டம் போட்ருக்கீங்க, தமிழ் படிச்சிருக்கீங்க, ஞாயித்துக்கிழமைன்னா என் புள்ளைங்க உங்க வீட்டுலதான் கிடக்குதுங்க. அந்த இருபது நிமிஷத்துக்காக இதையெல்லாம் விட்டுட்டுப் போவீங்களா? நேரா ஒரு வார்த்தை சொல்லுங்க. தருவீங்களா, மாட்டீங்களா?"

ஃப்ரேயா அம்மா கதவிலிருந்து பார்வையை எடுத்து, அந்த வருடத்தில் முதல் முறையாக அவன் கண்ணுக்கு நேராகப் பார்த்தார். வடத்தை அவன் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

"மாட்டேன்" என்றார்.