பதினான்கு விரல்தடங்கள்

காலை 8.10. மூன்றாம் தட்டில் ஒரு ஃபைல் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

அந்த லேசர் கண் மருத்துவமனையில் காகித ஃபைல் கைக்கு வராமல் ஒருவர் கண்ணையும் தொட மாட்டார்கள். கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று யாராவது வாய் திறந்தால் பெரிய டாக்டர் முறைப்பார். கம்ப்யூட்டரா நாளைக்கு வந்து பதில் சொல்லும் என்பார். காணாமல் போனது அன்றைய முதல் ஆபரேஷனுக்கான ஃபைல்.

"7.40க்கு நானே பார்த்தேன் டாக்டர். இருந்துச்சு. டீ வாங்கப் போயிட்டு வர்றதுக்குள்ள காணோம்" என்றார் ஃபைல் அண்ணன். பதினெட்டு வருடமாக அந்த அலமாரிக்கு அவர்தான் பொறுப்பு. கையில் இன்னும் திறக்காத டீ பிளாஸ்க்.

"இருந்தது இப்ப எங்க?"

"அதான் தெரியல."

டாக்டர் அலமாரியைக் காட்டினார். ஃபைல்களின் முதுகில் ஒட்டியிருந்த வெள்ளை லேபிள்களில் வரிசையாகப் பழுப்புக் கறை. "டீக் கையோட தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"இன்னிக்கு நான் இன்னும் டீயே குடிக்கல டாக்டர்."

"போன மாசம் ஒரு ஃபைல் இடம் மாறுச்சு. இன்னிக்குத் தொலைஞ்சே போச்சு. போதும். நாளைலேர்ந்து வர வேண்டாம்."

அறுபதைத் தொடப்போகிற ஆளை வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? ஃபைல் அண்ணன் பிளாஸ்கை மேசையில் வைத்துவிட்டு, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

டாக்டர் திரும்பி, "கால் பவர், நீங்க புதுசா அளவு எடுங்க. புது ஃபார்ம்ல கையெழுத்து வாங்கிக்கலாம். 9.30க்கு ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கால் பவர் என்பது கண் அளவு பார்க்கும் அம்மாளுக்கு மற்றவர்கள் வைத்த பட்டப்பெயர். கண்ணாடியில் கால் பவர் கூடக் குறைய இருந்தாலும் விட மாட்டாள், திருப்பி உட்கார வைத்துவிடுவாள். வயது ஐம்பத்திரண்டு. தினமும் நாற்பது பேரை இருட்டறையில் முகத்துக்கு முகம் உட்கார வைத்து, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பாள். மாலையில் வீட்டுக்குப் போனால், சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்க ஆள் கிடையாது. தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று. பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்வாள். பழகவில்லை.

8.20. அவள் அலமாரி முன்னால் நின்று கறைகளை எண்ணினாள். பதினான்கு. தட்டின் இடது ஓரத்தில் தொடங்கி, ஒரு லேபிளையும் விடாமல், காலி இடம் வரைக்கும். அதற்கு அப்புறம் ஒன்றுகூட இல்லை. சில கறைகளின் ஓரம் லேசாக நீலம் பாய்ந்திருந்தது.

"அண்ணே, அந்த ஃபைலை எடுக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"எடுக்கவா? நம்பரோட கடைசி எண்ணுக்கு ஒரு கலர்க் கோடு. அது மஞ்சள். அந்தத் தட்டுல மஞ்சளே மூணுதான். தூக்கத்துல எழுப்பினாக்கூட எடுப்பேன்."

"நர்ஸுக்கு?"

"இங்க இருக்கிற எல்லாருக்கும் கலர் தெரியும்மா. கூட்டிப் பெருக்குறவங்களுக்குக்கூடத் தெரியும்."

8.25. நர்ஸ் தயாரிப்பு அறை வாசலில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அந்த அறையின் பின்கதவைத் திறந்தால் நாலே எட்டில் அலமாரி.

"எத்தனை பேரைத் தயார் பண்ணே?"

"இதுவரைக்கும் ஒருத்தரைத்தான். 7.50க்கு கண்ணாடியை வாங்கி வச்சேன். படபடப்பு அடங்க மாத்திரை குடுத்தேன். 7.55க்கு இமையைச் சுத்தி மருந்து தடவினேன். அப்புறம் மெஷின் ரூமுக்குப் போயிட்டேன்."

"அப்ப இங்க யார் இருந்தா?"

"அந்தப் பொண்ணு மட்டும்தான். அவளைச் சந்தேகப்படாதீங்க. கண்ணாடி இல்லாம எதிர்ல நிக்கிற நான் யாருன்னே அவளுக்குத் தெரியாது. கட்டில்னு நினைச்சு ட்ராலில உட்காரப் போனா."

நர்ஸ் சிரித்தாள். கால் பவர் சிரிக்கவில்லை.

8.35. இருட்டறை. பெண்ணுக்கு முப்பதுக்குள் இருக்கும். பச்சை அங்கி தொளதொளவென்று தொங்க, இமையோரம் மருந்தின் பழுப்பு காய்ந்திருந்தது. ஒரு கன்னத்தில் அது வழிந்து, துடைத்த அடையாளம். மணிக்கட்டில் ஃபைல் நம்பர் அச்சடித்த பட்டை. கருவியில் தாடையை வைக்கக் குனிந்தபோது ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எங்கோ அட்டை மடங்குவது போல ஒரு சின்னச் சத்தம்.

"கூட யார் வந்திருக்கா?"

"அவர் வெளிய உட்கார்ந்திருக்கார். அவர்தான் இதுக்கு நாள் குறிச்சார். என் பொறந்த நாளுக்கு."

கால் பவர் அவளுடைய கண்ணாடியையே எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டாள். இரண்டு மாதத்துக்கு முன் இதே அறையில் அளவெடுத்துக் கொடுத்தது. இரண்டு கண்ணுக்கும் மைனஸ் நாலே கால்.

"கடைசி வரியைப் படிங்க."

"தெரியல மேடம். மங்கலா இருக்கு."

அரைப் பவர் கூட்டிப் பிடித்தாள். கடகடவென்று படித்தாள் அந்தப் பெண்.

"கான்டாக்ட் லென்ஸ் போடுறதுண்டா?"

"இல்ல."

"சர்க்கரை?"

"போன வாரம்தான் ரத்தம் எடுத்தாங்க. இல்லைன்னுட்டாங்க."

"தூக்கம் வருதா?"

"இல்லையே, எதுக்கு?"

"அந்த மாத்திரை போட்டவங்க இந்த நாற்காலில என்கிட்ட கொட்டாவி விடாம போனதில்லம்மா."

கால் பவர் கருவியை ஓரமாகத் தள்ளி, நாற்காலியை இழுத்து அருகில் போட்டு உட்கார்ந்தாள். இனிமேல் அவள் வாயில் 'நீங்க' வரவில்லை.

"ஃபைலை எடு. அங்கிக்குள்ளதான் இருக்கு, குனிஞ்சப்ப சத்தம் கேட்டுச்சு."

அந்தப் பெண் அங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வெளிய எல்லாரும் அது டீக்கறைன்னு நினைக்கிறாங்க. டீ காஞ்சா ஓரம் நீலமாகாது. பள்ளிக்கூடத்துல உருளைக்கிழங்கு மேல அயோடின் விட்டா நீலமாகும், ஞாபகம் இருக்கா? காகிதத்துலயும் அந்த மாவுச்சத்து உண்டு. உன் இமையில தடவினதும் அயோடின் மருந்துதான். கன்னத்துல வழிஞ்சதைக் கையால துடைச்சிருக்கே. அந்த விரலோடதான் அலமாரிக்குப் போயிருக்கே."

"நர்ஸ் கையிலயும்..."

"அவ கையுறை போட்டிருந்தா. அதோட, இங்க வேலை பாக்குறவங்க யாரா இருந்தாலும் மஞ்சளை மட்டும்தான் தொடுவாங்க. எடுத்த ஆளு சிவப்பு, பச்சை, நீலம் ஒண்ணு விடாம பதினாலு லேபிள்ல விரல் வச்சுப் படிச்சிருக்கு. கலர்க் கணக்கு தெரியாத ஆளு, கையில நம்பர் கட்டின ஆளு. நீ கண்ணாடி இல்லாம குருடுன்னு நர்ஸ் நினைக்கிறா. அங்கதான் எல்லாருக்கும் சறுக்குச்சு. மைனஸ் கண்ணுக்குத் தூரம்தான் தெரியாது. ஒரு சாண் தூரத்துல வச்சா எங்களைவிட நல்லாத் தெரியும்."

அந்தப் பெண் அங்கிக்குள் கைவிட்டு ஃபைலை எடுத்து மடியில் வைத்தாள். மறு கையில் ஒரு கசங்கிய டிஷ்யூ. அதற்குள் முழுங்காத மாத்திரை.

"எத்தனை வாரம்?" என்று கேட்டாள் கால் பவர்.

"உங்களுக்கு எப்படி..."

"அரைப் பவர் சும்மா ஏறாது. லென்ஸும் இல்ல, சர்க்கரையும் இல்ல. வயித்துல புள்ள வந்தா உடம்புல நீர் கூடும், கண்ணும் கொஞ்சம் மாறும். அப்ப எடுக்கிற அளவை நம்பி லேசர் பண்ணக் கூடாது. மாத்திரையையும் முழுங்கல. வேற என்னவா இருக்கும்?"

"ஏழு வாரம்" என்றாள் அவள். குரல் உடைந்தது. "கையெழுத்துப் போட்ட அன்னிக்கு எனக்கே தெரியாது. நாலு நாள் முன்னாடிதான் தெரிஞ்சுது."

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"ஏன்னு கேப்பாரே. இது மூணாவது, அக்கா. முன்ன ரெண்டு தடவையும் தெரிஞ்ச அன்னிக்கே சொல்லிட்டேன். அவருக்கு, மாமியாருக்கு, அண்ணிக்கு, ஆபீஸ்ல. அப்புறம் போச்சுன்னு ஒவ்வொருத்தருக்கா நான்தான் சொன்னேன். ரெண்டு தடவை. போனதைவிட அதைச் சொல்றதுதான் கொடுமையா இருந்துச்சு. இந்தத் தடவை மூணு மாசம் தாண்டுற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடுறதில்லைன்னு இருக்கேன். ராத்திரி அவர் பக்கத்துலயே படுத்துக்கிட்டு, சொல்லாம இருக்கேன். ஃபைல் இல்லைன்னா ஆபரேஷனைத் தள்ளி வச்சுருவாங்க, யாரும் என்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

பக்கத்தில் ஆள் இருந்தும் இப்படித் தனியாக இருக்க முடியும் என்று கால் பவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"வெளிய ஒரு அண்ணனுக்கு வேலை போயிருச்சு, உன் ஃபைலால" என்றாள்.

அந்தப் பெண் எழுந்துவிட்டாள். "ஐயோ, எனக்குத் தெரியாது. நான் வந்து சொல்லிடறேன். டாக்டர்கிட்ட சொன்னா என் வீட்டுக்காரர் காதுக்குப் போயிடுமா?"

"போகாது. நோயாளி சொன்னதை வெளிய சொல்ற டாக்டர் இல்ல அவர். உன் வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன். பவர் மாறியிருக்கு, இப்ப பண்ண முடியாதுன்னு மட்டும்தான் சொல்வேன். அது பொய்யும் இல்ல."

9.05. டாக்டர் அறைக் கதவு சாத்தியிருந்தது. அந்தப் பெண் உள்ளே இருந்தது ஆறு நிமிடம். வெளியே வந்த டாக்டர் நேராக ஃபைல் அண்ணனிடம் போனார்.

"தப்பு என்மேல. மன்னிச்சுக்கங்க. நாளைக்கு வந்துருங்க."

"ஃபைல்?"

"கிடைச்சிருச்சு. உங்க தப்பு இல்ல."

ஃபைல் அண்ணன் அதற்கு மேல் கேட்கவில்லை. பிளாஸ்கைத் திறந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றி, ஒன்றைக் கால் பவரின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்த மேசைக்கு யாரும் டீ கொண்டுவந்து வைத்ததில்லை.

9.20. வரவேற்பறையில் கணவன் கறுப்புக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆபரேஷன் முடிந்ததும் மனைவிக்குப் போட்டுவிடப் புதிதாக வாங்கியது. பவர் நிலையாக இல்லை என்று கேட்டதும், "பரவால்ல மேடம், கண்ணுதானே முக்கியம்" என்றான். நல்லவன்தான். நல்லவனிடமும் சொல்ல முடியாதது இருக்கிறது.

அவன் வண்டியை எடுக்கப் போனான். கால் பவர் ஃபைலைத் திறந்து, குறிப்புப் பகுதியில் எழுதி, அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பினாள். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபைலை ஒரு சாண் தூரத்துக்கு இழுத்துப் படித்தாள். பவர் நிலையாக இல்லை, மறு பரிசோதனை ஒன்றரை வருடம் கழித்து என்று இருந்தது. பக்கத்தில் தேதியும் கிழமையும்.

"ஒன்றரை வருஷமா? எதுக்கு அவ்வளவு நாள்?"

"பிரசவம் ஆகணும். அப்புறம் புள்ள பால் குடிக்கணும், அதை நிறுத்தணும், நிறுத்தினப்புறம் கண்ணு பழைய நிலைக்கு வரணும். எல்லாம் கூட்டித்தான் போட்டிருக்கேன்."

அவள் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்து, பால் குடித்து, மறந்து, இடுப்பில் ஏறி உட்காரும் காலத்து ஒரு செவ்வாய்க்கிழமை. அப்படி ஒரு நாளை அவளுக்கு இதுவரை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. அவளே நினைத்துப் பார்க்கப் பயந்திருந்தாள். கண்ணீர் கன்னத்துப் பழுப்பில் கோடு போட்டது.

"அதுவரைக்கும் நடுவுல சும்மா வரலாமா அக்கா? பவர் பார்க்க இல்ல."

"வா. வாரா வாரம் வா."

"அந்தச் செவ்வாய்க்கிழமையும் நீங்க இங்க இருப்பீங்கல்ல?"

"நான் எங்க போகப் போறேன்? நீ வரும்போது கையில ஒருத்தரைத் தூக்கிட்டு வா, அது போதும்" என்றாள் கால் பவர். ஃபைலை மஞ்சள் கோடு தெரிய மூன்றாம் தட்டில் திரும்ப வைத்துவிட்டு வந்து, ஆறிப்போன டீயைக் குடித்தாள்.