சந்தைத் தடம்

ஏரித் தண்ணீர் எங்கே முடிகிறதோ அங்கேயே ஈரமும் முடிந்துவிட வேண்டும். இது ஓவர்சியர் தண்டாயுதபாணியின் கொள்கை. இயற்கையின் கொள்கையும் அதுதான் என்று அவர் நம்பியிருந்தார். ஆனால் ஊசிமேட்டு ஏரிக்குள் இறங்கிய அந்தக் கல்தடத்தில் ஈரம் தண்ணீரோடு நிற்கவில்லை. கரையேறி, மத்தியான வெயிலில் பளபளத்துக்கொண்டு, மேலே பூண்டுத் தோட்டத்து வேலி வரை போய், அங்கே யாரோ கோடு கிழித்ததுபோல் சட்டென்று நின்றிருந்தது. மழை பெய்து வெகு நாளாகிறது. குனிந்து தொட்டார். குளிர் எலும்புக்குள் ஏறியது. விரலை முகர்ந்தார். பூண்டு வாசம்.

"மாடு தண்ணி குடிச்சிட்டு ஏறியிருக்கும்" என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிவிட்டு அளவு டேப்பை விரித்தார்.

கொடைக்கானலிலிருந்து ஜீப்பில் இடுப்பு ஒடிய வந்தால்தான் ஊசிமேடு. அந்த வருஷம் சீசனுக்கு மதராஸிலிருந்து மந்திரி ஒருவர் வருவதாகவும், அவருக்கு மோட்டார்ப் படகில் ஆசை என்றும் செய்தி வந்திருந்தது. கொடைக்கானல் ஏரியில் மோட்டார் சத்தம் கேட்டால் துரைசானிகளின் வாத்துகள் கலவரப்படும் என்பதால், படகோட்டச் சங்கத்தின் கௌரவக் காரியதரிசி சுவாமிநாதன் இந்த மேல்மலை ஏரியைத் தேர்ந்தெடுத்தார். கௌரவக் காரியதரிசி என்றால் சம்பளம் கிடையாது. அதற்கு ஈடாக அவர் வேலையும் செய்வதில்லை. ஏரியை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் அதைப் பற்றி அவருக்குத் திட்டவட்டமான கருத்துகள் இருந்தன. படகை இறக்குகிற துறையில் மந்திரிக்கு ஆரத்தி. கற்பூரமும் பெட்ரோலும் ஓரிடத்தில் கூடாது. ஆகவே பெட்ரோல் போடுகிற இடம் எதிர்க்கரையில் அமைய வேண்டும். படகில் துடுப்பு வைக்கக் கூடாது. வைத்தால் மோட்டார்மேல் நமக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும்.

இந்த இரண்டு இடங்களையும் கண்டுபிடித்துக் கொடுத்தால் தண்டாயுதபாணிக்கு வேலை நிரந்தரமாகும். தலை நரைத்த பிறகும் டெம்பரரியாகவே இருப்பவருக்கு அது மந்திரி பதவியைவிடப் பெரிது. பழனியில் மாமனார் வீட்டுக்காரர்கள் கோயில் கைங்கரியக்காரர்கள். முருகன் சன்னதியிலேயே நிரந்தரமானவர்கள். டெம்பரரி மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் விழும் சோறுகூட டெம்பரரியாகத்தான் விழும். மனைவி சுந்தராம்பாள் இந்தத் தடவை கிளம்பும்போது, "ஆர்டர் இல்லாம வந்தீங்கன்னா பஸ் ஸ்டாண்டுலயே இருந்துக்கங்க" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

அதனால்தான் அந்தக் கல்தடத்தைக் கண்டதும் அவருக்கு முருகனே நேரில் வந்து டேப் பிடித்ததுபோல் இருந்தது. படகை வழுக்கி இறக்க அளவெடுத்த சரிவு. அதே தடம் எதிர்க்கரையிலும் தண்ணீரிலிருந்து வெளியேறி மேடேறிப் போயிற்று. இங்கே துறை, அங்கே பெட்ரோல். ஒரு கல்லைக்கூடப் புரட்ட வேண்டாம்.

"அது படகுக்குப் போட்டதில்லைங்க" என்றாள் பிச்சையம்மாள். வேலிக்கு அந்தப் பக்கம் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த தோட்டக்காரி அவள். "சந்தைக்குப் போற தடம்."

"சந்தைக்கா? தண்ணிக்குள்ளயா?"

"தண்ணி பொறவு வந்ததுங்க. அதுக்கு முந்தி இது பள்ளம். நடுவுல ஒரு ஓடை. பூண்டு மூட்டையத் தூக்கிக்கிட்டு இப்படியே எறங்கி ஏறி, அடுக்கம் வழியாப் பெரியகுளத்துக்கு நடப்போம்."

அவள் கையை நிறுத்தவில்லை. மண்ணை உதறி உதறிப் போட்டுக்கொண்டே சொன்னாள். மஞ்சு மூட்டம் இறங்கிவிட்டால் முன்னால் போகிறவனின் முதுகு தெரியாது. அதனால் வரிசையாகத்தான் நடப்பார்கள். முதல் ஆள் நின்று, 'பின்னே யாரு' என்று குரல் கொடுப்பான். கடைசி ஆள், 'நான்தான் கடைசி' என்று சொல்ல வேண்டும். அந்தப் பதில் வராமல் முதல் ஆள் ஓர் எட்டு எடுத்து வைக்க மாட்டான். ஊர்க் கட்டு.

"அணை கட்டி முடிச்சு மதகை அடைச்ச அன்னைக்கு ஊருக்குத் தண்டோரா போடணுமா இல்லையா? இங்கிலீசு பேப்பர்ல போட்டாகளாம். எங்க ஊர்ல யாரு இங்கிலீசு படிக்கா, பூண்டா? வெள்ளனே கெளம்புனாக. ஒரே மஞ்சு. ஓடைதான் பெருகிக் கெடக்குன்னு எறங்கிட்டாக. நடுப்பள்ளத்துல நின்னு மொத ஆளு குரல் குடுத்திருக்கான். கடைசி ஆளு எங்க வீட்டுக்காரரு."

"அவர் பதில் சொல்லலியா?"

"அவரு வெளிக்கு ஒதுங்கியிருந்தாருங்க. ஒதுங்கி உக்காந்த ஆளு வாயத் தெறக்கலாமா?" அவள் சிரிக்கவில்லை. "அவரு எந்திரிக்கிற வரைக்கும் கூப்புட்டுக்கிட்டே நின்னிருக்காக. தண்ணி ஏற ஏற நின்னிருக்காக. பதில் வராம நகரக் கூடாதுல்ல."

தண்டாயுதபாணி டேப்பைச் சுற்றினார். "இப்ப அவரு எங்க?"

"பழனியிலதான். மொட்டையப் போட்டுட்டு அங்கனயே கெடக்காரு. நம்ம மலைக்கு ஏறி வர மாட்டேங்காரு. அந்த வரிசை இன்னும் அங்கதான் நிக்கிதுங்க. மஞ்சு எறங்குனா கேக்கும். கேட்டா கேட்டுட்டுப் போறோம், பதில் மட்டும் சொல்லிராதீக."

வத்தலக்குண்டுக்காரனான ஜீப் டிரைவர் சேனாதிபதி இதைக் கேட்டதும் வாயில் வைத்த பீடியை எடுத்துவிட்டான். "ஐயா, பெட்ரோலு அணைக்கட்டுப் பக்கமே இருக்கட்டுமே. அங்கனயும் கரைதானே?"

"ஏலே, உனக்கு யாருலே சேனாதிபதின்னு பேரு வச்சது? நாளைக்கு மஞ்சு வந்தா நீ எதிர்க்கரையில நின்னு 'பின்னே யாரு'ன்னு கத்து. நான் படகிலேருந்து பதில் சொல்றேன். இவுக பயத்துக்கு ஒரு கும்பாபிஷேகம் பண்ணிருவோம்."

"அந்த வார்த்தைய மட்டும் நான் கத்த மாட்டேங்க. வேணும்னா ஆரன் அடிக்கேன்."

மறுநாள் லாரியில் படகு வந்தது. வெள்ளைப் பெயிண்ட், விளிம்பில் சிவப்புக் கரை. மந்திரிக்கு மெத்தை வைத்த தனி நாற்காலி. பிற்பகலில் வெள்ளோட்டம். லாரிக்காரர்கள் கல்தடத்தில் படகைத் தள்ளி இறக்கிவிட்டு, கூலி வாங்கிய கையோடு போய்விட்டார்கள். சேனாதிபதி பெட்ரோல் டின்னை ஜீப்பில் போட்டுக்கொண்டு அணையைச் சுற்றி எதிர்க்கரைக்குப் போனான். ஏரியைக் கடக்க எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று தண்டாயுதபாணி கணக்குப் போட்டு, போக மட்டும் ஊற்றியிருந்தார். அந்தக் கரையில் போய் நிரப்பிக் காட்டினால்தானே அது பெட்ரோல் துறை.

மோட்டார் முதல் இழுப்பிலேயே உறுமியது. படகு துறையை விட்டு விலகியது. தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்பதை ஒருமுறைக்கு இருமுறை உறுதிசெய்துகொண்டு, மந்திரியின் நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தார். மெத்தை சுகமாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது.

எழுந்து வேட்டியைப் பிழிந்தார். அப்போதுதான் படகின் சிவப்புக் கரை கண்ணில் பட்டது. இறக்கும்போது தண்ணீருக்கு மேலே ஒரு முழம் நின்ற கரை, இப்போது தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. படகில் அவர் ஒருவர்தான். ஆனால் நிறையப் பேர் ஏறிய படகுபோல அது தாழ்ந்து, முக்கி முனகி, மோட்டார் கத்தினாலும் நகர மனமில்லாமல் ஊர்ந்தது.

சோலைப் பக்கமிருந்து மூட்டம் இறங்கியது. முதலில் எதிர்க்கரைத் தடம் மறைந்தது, அப்புறம் ஜீப், அப்புறம் பூண்டுத் தோட்டம், அப்புறம் படகின் முன்மூக்கு. பால் திரிந்ததுபோல் கட்டி கட்டியாக வந்து முகத்தில் ஒட்டியது. பெட்ரோல் வாசத்தை விழுங்கிவிட்டு, அந்த இடத்தில் பச்சைப் பூண்டின் காரவாசத்தை, இப்போதுதான் பிடுங்கி மண் உதறிய பூண்டின் வாசத்தை வைத்தது. மோட்டார் இருமிற்று. இன்னொரு இருமல். நின்றது. டாங்கிக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி காய்ந்தபடி வந்தது.

தவறாத கணக்கு. துடுப்பில்லாத படகு. கௌரவக் காரியதரிசியை அவர் அப்போது அழைத்த வார்த்தையை அச்சில் போட முடியாது.

இடது கைப் பக்கம், வெகு தூரத்தில், ஜீப் ஆரன் கேட்டது. இடது பக்கமா? எதிர்க்கரை நேராகவல்லவா இருக்க வேண்டும். படகு திரும்பியிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டு, கையைத் தண்ணீரில் விட்டுத் துழாவினார். இரண்டு துழாவல்தான். விரல்களில் ஏதோ சணல்போல் உரசியது. கையை எடுத்துக்கொண்டார்.

அப்போது நேர் முன்னால், வெகு அருகில், ஒரு குரல்.

"பின்னே யாரு?"

தண்டாயுதபாணிக்கு முதலில் வந்தது பயமில்லை, நிம்மதி. சேனாதிபதிக்குக் கடைசியில் தைரியம் வந்துவிட்டது. கரை இதோ இருக்கிறது. நிம்மதிக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. நாற்காலி ஈரம், பெட்ரோல் காலி, டிரைவருக்கு விளையாட்டு.

"நான்தாம்லே கடைசி" என்று கத்தினார். "வேற எவன் இருக்கான் இங்க?"

மூட்டம் அந்த வார்த்தையை வாங்கி வைத்துக்கொண்டது. எதிரொலி வரவில்லை.

பிறகு ஆரன் கேட்டது. முதுகுக்குப் பின்னால். நீளமாக, விடாமல், அழுகிற மாதிரி.

படகு நகர ஆரம்பித்தது. மோட்டார் இல்லை, காற்று இல்லை, அலை இல்லை. பல்லக்கு போகிற மாதிரி, ஒரு சீரான குலுக்கலோடு போயிற்று. அடியில் சளப், சளப் என்று நிறையக் கால்கள். பலகையைப் பிடித்துக்கொண்டார். முருகா என்றார். பலகை கல்லில் இடித்தது.

கல். தடம். கரை.

யோசிக்கவில்லை. குதித்தார். கணுக்கால் அளவு தண்ணீர். காலுக்கடியில் அந்த வழுவழுப்பான சரிவு. நடந்தார். மேடேறுகிறோம் என்று நினைத்துக்கொண்டே நடந்தார். முழங்கால் நனைந்தது. மேடேறினால் தண்ணீர் குறைய வேண்டும். இதுவும் அவருடைய கொள்கைதான். இடுப்பு நனைந்தது.

நிற்க நினைத்தார். கால்கள் நிற்கவில்லை.

முன்னால் ஒரு முதுகு. அதற்கு முன்னால் இன்னொன்று. ஒவ்வொரு தலையிலும் மூட்டை. மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டவில்லை, மேலே போயிற்று, சிறு சிறு குமிழிகளாக. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தம் கைகள் இரண்டும் தலைக்கு மேலே இருப்பதை அவர் அப்போதுதான் உணர்ந்தார். தலைப்பாகைக்கு மேல் எதையோ பிடித்திருந்தன. சணல். ஈரம். கனம்.

நெஞ்சு. கழுத்து.

வரிசை நின்றது.

முன்னாலிருந்து குரல் வந்தது. அதட்டல் இல்லை. வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்.

"பின்னே யாரு?"

வாயை மூடிக்கொண்டார். பல்லோடு பல் கிட்டிக்க மூடினார். அந்தப் பதில் வராமல் நகர மாட்டார்கள். பழனியில் ஒருவன் மொட்டையோடு உயிரோடு இருக்கிறான், வாயைத் திறக்காததால். சொல்ல மாட்டேன். சொல்லவே மாட்டேன். தண்ணீர் உதட்டில் நின்றது. ஏறவில்லை. ஆரன் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கிற வரை கரை இருக்கிறது. மனிதன் இருக்கிறான். கத்த மாட்டேன் என்றானே, கெட்டிக்காரப் பயல்.

"பின்னே யாரு?"

வாயைத் திறக்கவில்லை.

ஆரன் நின்றது.

தூரத்தில் ஜீப் கதவு சாத்துகிற சத்தம். "ஐயா, எங்கன இருக்கீங்க?" கல்தடத்தில் செருப்புச் சத்தம், வெரசாக, இறங்கி இறங்கி. வேண்டாம்லே என்று கத்த வேண்டும். கத்தினால் வாய் திறக்கும். தண்டாயுதபாணி கத்தவில்லை. தண்ணீரில் ஒரு கால் வைக்கிற சத்தம். இன்னொரு கால். அப்புறம் செருப்புச் சத்தம் இல்லை. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை.

"பின்னே யாரு?"

அவருடைய பிடரிக்கு ஒரு சாண் பின்னால், பீடி வாசத்தோடு, தண்ணீர் நிறைந்த ஒரு வாய் மெதுவாகச் சொன்னது.

"நான்தான் கடைசி."

வரிசை நகர்ந்தது.