உருகிய ஈயத் தக்கை

பழைய நீராவி ரயில்களைச் சிறு பாதையொன்றில் ஓட்டும் சங்கத்தின் தலைவர் சிவானந்தன். செயற்குழு வெளியார் விசாரணை கேட்டதால், திங்கட்கிழமை ஒரு கோப்போடு வெள்ளவத்தைக்கு வந்தார். ஓய்வுபெற்ற கொதிகலன் பரிசோதகர் சுபோதினியின் வீடு அங்கேதான்.

முந்தின நாள் நடுப்பகல், சங்கத்தின் மிகப் பெரிய என்ஜினில் தீயறைக்கு மேலிருந்த ஈயத் தக்கை உருகி, நீராவி சீறியது. தீயறையின் கூரையைத் தண்ணீர் மூடாதபோதுதான் அது உருகும். என்ஜினின் தீயையும் தண்ணீரையும் பார்க்கும் பயர்மன் அலவி கவனிக்கவில்லை என்றார் சிவானந்தன். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் போகும்போது, நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றதாக அலவி சொன்னதை யாரும் நம்பவில்லை.

சுபோதினியின் உதவியாளன் பிரசாந்தும் நம்பவில்லை. அன்று மாலையே கொட்டாஞ்சேனையில் அலவியின் வீட்டுக்குப் போய், வேலை போய்விடும் என்று அவரை வெருட்டி, ‘என் அசட்டையே காரணம்’ என்று எழுதிக் கையொப்பம் வாங்கிவந்தான்.

சுபோதினி அந்தத் தாளை ஒதுக்கிவைத்தார். மறுநாள் சிவானந்தனை அழைத்தார். என்ஜின் அன்று கொட்டகையின் சமதரையை விட்டு அசையவே இல்லை என்று சிவானந்தன் சாதித்தார். கோப்பிலிருந்த படமொன்றைச் சுபோதினி மேசையில் வைத்தார். ஞாயிறு 12.40. சாரதியின் இடத்தில் சிவானந்தன். பக்கத்தில் கண்ணாடிக் கோப்பையில் பிளேன்டீ.

“பிரசாந், கோப்பை நேரா நிக்குது. தேத்தண்ணி ஏன் முன்பக்கம் சரிஞ்சு நிக்குது?”

அவன் படத்தைக் கிட்டே எடுத்துப் பார்த்தான்.

“படத்தைத்தான் நேராக்கியிருக்கினம். தேத்தண்ணிதான் உண்மையான மட்டம். என்ஜின் மூக்குக் கீழே பார்க்க, சரிவில நிண்டிருக்கு. நீளக் கொதிகலன். தண்ணியெல்லாம் முன்னுக்கு ஓட, பின்னால தீயறைக் கூரை காய்ஞ்சுபோச்சு. சின்ன என்ஜின் எண்டால் தப்பியிருக்கும்.”

சிவானந்தன் தலைகுனிந்தார். கடலைப் பார்த்தபடி படமெடுக்க ஆசைப்பட்டு, அலவி தொழப் போன நேரம் என்ஜினைச் சரிவில் இறக்கியது தான்தான் என்றார். சீறல் கேட்டதும் பின்னுக்கு எடுத்துக் கொட்டகையிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டாராம்.

“தலைவர் நான். சொல்ல வெக்கமா இருந்தது.”

பிரசாந் அலவியின் தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தான். தலைவர் பொய் சொன்னார். ஆனால் அந்தப் பொய்க்குக் கையொப்பம் வாங்கிக் கொடுத்தவன் அவன்.

சிவானந்தன் தன் பிழையை ஒப்புக்கொண்டு எழுதித் தந்த கடிதத்தோடும் அலவியின் தாளோடும் அவன் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினான். அலவி கதிரை தந்தார். பிரசாந் உட்காரவில்லை, நிலத்தைப் பார்த்தபடி மன்னிப்புக் கேட்டான்.

“என்கிட்டச் சொல்றது காணாது தம்பி,” என்றார் அலவி. “நான் ஒப்பம் வச்சத என் மகள் பாத்துக்கிட்டு நின்டா. அவகிட்டச் சொல்லுங்க.”

பத்து வயது மகள் பஸ்லா வந்து நின்றாள்.

“உங்கட வாப்பாவில பிழையில்ல. பிழை விட்டது நான்.”

அவள் அவன் கையிலிருந்து வாப்பா ஒப்பம் வைத்த தாளை வாங்கி, வரி வரியாகப் படித்தாள். படித்து முடியும்வரை அவன் நின்றுகொண்டே இருந்தான்.