ஒரு கைக்கு ஒரு பங்கு

கவடியாரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாமரங்கள் கவிந்த அந்தச் சரிவுத் தெருவில் எலிசாள் நடந்தபோது மணி இரண்டு இருக்கும். பத்தொன்பது நாட்களுக்குப் பிறகு வேலைக்கு வருகிறாள்.

அத்தனை நாளும் விழிஞ்ஞம் கடற்கரையில்தான் உட்கார்ந்திருந்தாள். கணவன் யோசுவாவும் அவன் தம்பி ஜினுவும் வள்ளத்தில் போன மறுநாள் கடல் சீறியது. மற்ற வள்ளங்கள் திரும்பின. அவர்களுடையது திரும்பவில்லை. தேடுவதும் நேற்றோடு நின்றுவிட்டது. நாளைக் காலை இருவருக்கும் ஆத்துமாப் பூசை. வீட்டு வாசலில் பந்தல் போடுகிறார்கள், போட்டோவுக்கு மாலை வாங்க ஆள் போயிருக்கிறது. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் கிளம்பி வந்தாள்.

புறப்படும்போது ஜினுவின் மனைவி அனுஷா பின்னாலேயே வந்தாள். ஆறு மாத வயிறு.

"மைனி, நானும் வரட்டா? இங்க இருந்தா மூச்சு முட்டுது."

"பஸ்ல இடிபடவா? இருந்து கஞ்சி குடி, மோளே. அந்திக்குள்ள வந்திருவேன்."

கதவைத் திறந்த டாக்டர் ரத்னாபாய் திட்டத்தான் ஆரம்பித்தார். நாகர்கோவில்காரர், எழுபது வயது, தனி ஆள்.

"உன்ன யாரு பிள்ளே வரச் சொன்னது? வீட்டுத் தூசி எங்கயும் ஓடிப் போயிராது, கேட்டியா?"

"ஏதாவது வேலை தாங்க டாக்டரம்மா. சும்மா இருந்தா பைத்தியம் பிடிச்சிரும்."

டாக்டர் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். பிறகு துடைக்கும் துணியை எடுத்துக் கொடுத்தார்.

சாப்பாட்டு அறைச் சுவரில் அந்தப் படம் இருந்தது. ரத்னாபாயின் கணவர் கப்பல் டாக்டராக இருந்தபோது ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு ஸ்பெயின்காரர் வரைந்த எண்ணெய் ஓவியம். போஸ்ட் இம்ப்ரஷனிஸ்ட் என்பார் டாக்டர். எலிசாளுக்கு அது வாயில் நுழையாது. ஆரஞ்சு மணல், ஊதா நிழல், பச்சையும் மஞ்சளுமாய் அப்பி வைத்த கடல். நடுப்பகல் வெயிலில் ஐந்து பெண்கள், நமக்கு முதுகு காட்டிக்கொண்டு, கடலிலிருந்து ஒரு கயிற்றை இழுக்கிறார்கள். கரைமடி வலை. கடைசிப் பெண்ணுக்குப் பின்னால் கயிற்றின் மீதி பிடிக்க ஆளில்லாமல் மணலில் கிடக்கும்.

"ஒருத்திக்கும் இழுக்கத் தெரியல. முதுகு வளையாம என்ன இழுப்பு?" என்று எலிசாள் முன்பெல்லாம் கேலி செய்வாள்.

"நீ போய்ச் சொல்லிக் குடு" என்பார் டாக்டர்.

இன்று அவள் நேரே சட்டத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். டாக்டர் படுக்கப் போனார். வீடு அடங்கியது. ஜன்னல் வழியே வெயில் வெள்ளையாகக் கொட்டியது.

முதலில் வாசனைதான் வந்தது. ஈரக் கயிற்றின் வாசனை. உப்பு, பாசி, அழுகிய மீன். கவடியாரில் கடல் ஏது?

துணி சட்டத்தைத் துடைத்துக்கொண்டே தொடுவானத்தருகே போனபோது எலிசாளின் கை நின்றது. அங்கே ஒரு நீலப் புள்ளி. ஆறு வருடமாகத் துடைக்கிறாள், அந்தப் புள்ளியைப் பார்த்ததில்லை. முகத்தை அருகில் கொண்டுபோனாள்.

நீல வள்ளம். முனையில் மஞ்சள் பட்டை. போன ஈஸ்டருக்கு அவளே நின்று பெயின்ட் அடிக்கவைத்த பட்டை.

உள்ளே இரண்டு பேர் கிடந்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அலறி ஓடியிருப்பார்கள். எலிசாள் கடற்கரையில் பிறந்தவள். கயிறு சும்மா கிடந்தால் கை தானாகப் போகும்.

போயிற்று.

கயிறு நனைந்திருந்தது.

இழுத்தாள். சட்டத்துக்கு வெளியே, அவள் கைக்குள், முழம் முழமாக வந்தது. உள்ளங்கை எரிந்தது. அவள் குனிந்தபோது அந்த ஐந்து முதுகுகளும் குனிந்தன. வள்ளம் நெருங்கியது. யோசுவாவின் வெடித்த உதடு தெரிந்தது. அவன் மடியில் ஜினுவின் தலை. இருவர் மார்பும் ஏறி இறங்கின.

"உயிரோட இருக்காங்க, மாதாவே, உயிரோட..."

அப்போது அந்தப் பெண்கள் இழுப்பதை நிறுத்தினார்கள்.

கடைசிப் பெண் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே முணுமுணுத்தாள். என்ன மொழியோ, தெரியாது. ஆனால் எந்தக் கரையிலும் அந்தக் கேள்வி ஒன்றுதான். கரைமடியில் யார் வந்து கயிற்றைத் தொட்டாலும், வழிப்போக்கனே ஆனாலும், பங்கு உண்டு. ஒரு கைக்கு, அதாவது ஓர் ஆளுக்கு, ஒரு பங்கு. கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது.

உன் பங்கு எது?

"ரெண்டும்... ரெண்டும் என் வீட்டுக்குத்தான்..."

கயிறு வழுக்கியது. வள்ளம் ஒரு முழம் பின்னால் போனது.

அனுஷா கூட வந்திருந்தால் இன்னொரு கை இருந்திருக்கும். வரட்டா என்று கேட்டாளே!

"ஒரு ஆள் வருவா... பொறுங்க... போன் போடுறேன்..." ஒரு கையை எடுத்தாள். கயிறு சரசரவென்று ஓடியது. மறுபடி பாய்ந்து பிடித்தாள். வள்ளம் சிறுத்துக்கொண்டே போனது. அவள் கல்யாணமாகி வந்தபோது ஜினுவுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா இல்லாத பிள்ளை. அவள் கையால் பிசைந்து கொடுத்தால்தான் சாப்பிடுவான்.

வள்ளம் மீண்டும் புள்ளியானது.

"யோசுவா!" என்று கத்தினாள். "எனக்கு யோசுவா!"

கயிறு நின்றது.

தூரத்தில், யோசுவாவின் மடியிலிருந்து ஒரு தலை நிமிர்ந்தது.

"அப்ப நான், மைனி?"

சத்தம் கேட்டு டாக்டர் ஓடி வந்தபோது எலிசாள் தரையில் கிடந்தாள். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து ரத்தம். படம் எப்போதும்போல் காய்ந்து, சுவரில் நேராகத் தொங்கியது. சுவர்க்கடிகாரத்தில் மூன்று மணி. அரை மணி நேரத்தில் அவள் போன் அடித்தது. மினிக்காய் பக்கம் ஒரு சரக்குக் கப்பல் வள்ளத்தைக் கண்டிருக்கிறது.

ஒரு ஆள். உயிர் இருக்கிறது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் யோசுவா பேசினான். கட்டிலின் ஒரு பக்கம் எலிசாள், மறுபக்கம் அனுஷா.

"அன்னைக்குக் கப்பல் வர்றதுக்குக் கொஞ்சம் முன்ன வரைக்கும் ஜினு என் மடியிலதான் கிடந்தான். திடீர்னு வள்ளத்தை எதுவோ இழுத்தது. நல்ல வேகம். அவன் எழுந்து நின்னான். சிரிச்சான். 'அண்ணா, மைனி வந்துட்டாங்க'ன்னான். கண்ணை மூடித் திறந்தேன். வள்ளத்துல நான் மட்டும்தான்."

அனுஷா அழவில்லை. நிமிர்ந்து எலிசாளைப் பார்த்தாள்.

எலிசாள் கட்டுப் போட்ட கையை யோசுவாவின் நெற்றியில் வைக்கப் போனாள். கை போகவில்லை. விரல்கள் தாமாக மடங்கி எதையோ இறுகப் பிடித்தன. இரண்டு கைகளும் ஜன்னல் பக்கம் நீண்டன. கட்டுத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வார்டில் ஈரக் கயிற்றின் வாசனை.

"மைனி, என்ன இது? யாரை இழுக்கிறீங்க?"

எலிசாளின் செருப்பு வழவழத்த தரையில் ஒரு சாண் முன்னால் வழுக்கியது. பிறகு இன்னொரு சாண்.

"நான் இழுக்கல, மோளே."